வீட்டுப் பெயர்களின் பொருளையும் வேரையும் தேடுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

தென்காசிப் பக்கத்துப் பாட்டி ஒருவருக்குப் பெயர் குழல்வாய்மொழி என்று வைத்துக்கொள்வோம். அகராதியைப் பிரித்தால் குழல், வாய், மொழி என்று மூன்று சொல் கிடைக்கும். குழலோசை போல இனிக்கப் பேசுகிறவள் என்று பொருள் சொல்லிவிடலாம், அது சரியும்கூட. ஆனால் அந்தப் பெயரை வைத்தவர்கள் குழலையும் பேச்சையும் நினைத்து வைத்திருக்க மாட்டார்கள். குற்றாலநாதர் கோயிலில் இருக்கும் அம்மனுக்குப் பெயர் குழல்வாய்மொழி. பிள்ளை அந்த அம்மன் கொடுத்தது, அதனால் அந்தப் பெயர்.

தமிழ்ப் பெயர்களைத் தேடும்போது இந்த இரண்டாவது விடைதான் முதலில் வேண்டும். யார் வைத்தார்கள், யாரை நினைத்து வைத்தார்கள், எந்த ஊர்ச் சாமி, என்ன நிலைமையில் பிறந்த பிள்ளை என்று கேட்டுவிட்டு, அகராதியைக் கடைசியில் திறந்தால் போதும். இணையத்தில் கிடைக்கும் பெயர்ப் பட்டியல்கள் பெரும்பாலும் தலைகீழாகப் போகின்றன. பெயரைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நல்ல பொருளைக் கொடுத்து ஒட்டிவிடுகின்றன. கேட்க அழகாக இருக்கும், நம் வீட்டுக் கதை அதில் இருக்காது.

தாத்தா பாட்டி பெயர்களின் வேரைத் தேடுகிறவர்களுக்காகவும், பிள்ளைக்குப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். இரண்டு பேருக்கும் வழி ஒன்றுதான், கடைசிப் படி மட்டும் வேறு.

முதல் படி: பெயரை எழுத்துப் பிசகாமல் பிடியுங்கள்

வீட்டில் கூப்பிடும் பெயரை வைத்துத் தேடலைத் தொடங்காதீர்கள். மணி என்று கூப்பிடப்பட்டவர் சுப்பிரமணியனாக இருக்கலாம், மணிவாசகமாக இருக்கலாம், மாசிலாமணியாகவும் இருக்கலாம். சீனு என்பவர் சீனிவாசன், கிச்சா என்பவர் கிருஷ்ணன், அங்கு என்பவர் அங்கம்மாளோ அங்கயற்கண்ணியோ. முழுப் பெயர் காகிதத்தில்தான் கிடைக்கும்.

எந்தக் காகிதம்? முதலில் கல்யாணப் பத்திரிகை. பழைய பத்திரிகை ஒன்று கிடைத்தால் தாத்தாக்கள், பாட்டிகள், மாமன்மார் என்று பத்துப் பதினைந்து பெயர் ஒரே தாளில் வந்துவிடும், ஊரோடு சேர்த்து. அடுத்தது கிரயப் பத்திரம். ‘இன்ன கிராமம் இன்னார் மகன் இன்னார்’ என்றுதான் எழுதியிருப்பார்கள், அதனால் ஒரு பத்திரத்தில் இரண்டு தலைமுறைப் பெயர் சேர்ந்து இருக்கும். பள்ளிச் சான்றிதழ், பழைய வாக்காளர் பட்டியல், கிறிஸ்தவ வீடுகளுக்குக் கோயில் ஞானஸ்நானப் பதிவேடு, ஊர்க்கோயிலில் தூணிலும் குத்துவிளக்கிலும் வெட்டிய உபயதாரர் பெயர் எல்லாம் உதவும்.

எப்போதும் தமிழ் எழுத்தில் இருக்கும் வடிவத்தையே எடுங்கள். ஆங்கிலத்தில் எழுதிய பெயரில் ர, ற வேறுபாடு போய்விடும். ல, ள, ழ மூன்றும் கலங்கிவிடும். மாறன் என்றால் பாண்டியருக்குரிய பெயர், நம்மாழ்வாருக்கும் அது உண்டு. மாரன் என்றால் மன்மதன். அறன் என்றால் அறம், அரன் என்றால் சிவன். ஒரே எழுத்துதான் வித்தியாசம், ஆனால் தேடிப் போக வேண்டிய இடமே மாறிவிடும்.

இரண்டாம் படி: அது யாருடைய பெயராக இருந்தது என்று கேளுங்கள்

பேரன், பேத்தி என்ற சொற்கள் பெயரன், பெயர்த்தி என்பதிலிருந்து வந்தவை. தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் பெயரன். பல குடும்பங்களில் மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தா பெயர் என்று முறையே உண்டு. பெண்பிள்ளைகளுக்கும் அப்படியே பாட்டிமார் பெயர். ஆகவே உங்கள் அப்பா பெயரின் காரணம் அப்பாவிடம் இருக்காது. அவருடைய தாத்தாவுக்கு ஏன் அந்தப் பெயர் வைத்தார்கள் என்பதில் இருக்கும். ஒரு பெயர் ஒன்றுவிட்ட தலைமுறையில் திரும்பத் திரும்ப வருகிறதா என்று வம்சாவளியை எழுதிப் பாருங்கள். வந்தால், மேலே போகப் போகக் கடைசியாகக் கிடைக்கும் மூத்தவரிடம் போய்த்தான் காரணம் தேட வேண்டும்.

இந்த முறையால் வந்த இன்னொரு வழக்கமும் தேடலைக் குழப்பும். மாமனார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்றிருந்த வீடுகளில், அதே பெயர் வைத்த பிள்ளையைப் பெற்ற தாயே பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. அதனால் ராசா, தம்பி, பெரியவன், துரை என்று வேறு பெயர் ஒட்டிக்கொள்ளும். ஊருக்கே துரை என்று தெரிந்த ஒருவரின் பத்திரத்தில் வேறு பெயர் இருந்தால் திகைக்க வேண்டாம். வீட்டுப் பெரியவர்களிடம் ‘துரைக்கு யார் பெயர் விட்டார்கள்?’ என்று கேளுங்கள். ‘பெயரின் அர்த்தம் என்ன?’ என்று கேட்டால் தெரியாது என்பார்கள். ‘யார் பெயர்?’ என்று கேட்டால் அரைமணி நேரம் பேசுவார்கள்.

தந்தை பெயரைச் சேர்த்துச் சொல்வது நம்மிடம் எவ்வளவு பழையது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கொற்றன் மகன் கொற்றன் என்றால் கொற்றங்கொற்றன், சாத்தன் மகன் கொற்றன் என்றால் சாத்தங்கொற்றன் என்று பெயர்கள் புணரும் விதத்தைத் தொல்காப்பியத்துக்கு உரை எழுதியவர்கள் காட்டுகிறார்கள். இன்றைக்கு நாம் போடும் தலைப்பெழுத்துக்கு மூத்த உறவு இது. மகன் பெயரைச் சொல்லித் தந்தையைக் குறிப்பதும் உண்டு. ஆதன் தந்தை என்பது ஆந்தை ஆகும், பூதன் தந்தை என்பது பூந்தை ஆகும் என்று தொல்காப்பியத்திலேயே விதி இருக்கிறது. கோப்பெருஞ்சோழனுக்கு உயிர்த்தோழராக இருந்த பிசிராந்தையாரின் பெயரில் இருப்பது இந்த ஆந்தைதான், பறவை இல்லை. பிசிர் என்பது அவர் ஊர்.

மூன்றாம் படி: ஊரையும் கோயிலையும் பக்கத்தில் வையுங்கள்

இதுதான் பெரிய படி. இதில் பொறுமையாக நின்றால் பாதிப் பெயர்களுக்கு விடை கிடைத்துவிடும்.

தமிழ்நாட்டில் ஒவ்வொரு கோயிலிலும் சாமிக்கும் அம்மனுக்கும் அந்த ஊருக்கே உரிய பெயர் இருக்கிறது. சிவன் எல்லா ஊரிலும் சிவன்தான், ஆனால் திருநெல்வேலியில் நெல்லையப்பர், அம்மன் காந்திமதி. சங்கரன்கோவிலில் சங்கரலிங்கம், கோமதி. சிதம்பரத்தில் நடராசர், சிவகாமி. அங்கிருந்தே சபாபதி, அம்பலவாணன், பொன்னம்பலம், தில்லை என்று பெயர்கள் வரும். வைத்தீசுவரன் கோயிலில் வைத்தியநாதர், தையல்நாயகி, முத்துக்குமாரசாமி. திருக்கடவூரில் அபிராமி. மயிலாப்பூரில் கபாலி, கற்பகம். திருவண்ணாமலையில் அருணாசலம், உண்ணாமுலை. கொங்கு நாட்டுக்குப் போனால் அவினாசியப்பன், கருணாம்பிகை. பவானியில் சங்கமேசுவரன், வேதநாயகி. திருச்செங்கோட்டில் அர்த்தநாரி, செங்கோட்டுவேலன். செங்கோட்டையன் என்ற பெயரைப் பார்த்துச் செங்கோட்டை ஊரை நினைக்க வேண்டாம், செங்கோட்டு ஐயன் அவர்.

பெருமாள் பெயர்களும் அப்படியே. ரங்கன், ரங்கநாயகி என்றால் ஸ்ரீரங்கம். சாரங்கபாணி, ஆராவமுதன், கோமளவல்லி என்றால் கும்பகோணம். வரதன், பெருந்தேவி என்றால் காஞ்சிபுரம். வடமாவட்டங்களில் ஏழுமலை என்று பெயர் வைத்தால் அது திருப்பதி மலை. அதே பக்கத்தில் நிறையக் கேட்கும் எத்திராஜ் என்ற பெயர் யதிராஜர், அதாவது துறவிகளின் அரசர். ராமானுஜருக்கு உரிய பெயர் அது, அவர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர் அந்தப் பக்கம்தான். ஆழ்வார்திருநகரிப் பக்கம் சடகோபன் என்றால் நம்மாழ்வார்.

இலங்கைக்கும் இதே சாவி பொருந்தும். கோணேசன், கோணேசுவரி, மாதுமை என்றால் திருக்கோணமலைக் கோணேசர் கோயில், அங்கே அம்மன் மாதுமையாள். கேதீசுவரன் என்றால் மன்னார்ப் பக்கத்துத் திருக்கேதீச்சரம். நகுலேசுவரன் என்றால் கீரிமலை. நாகபூஷணி என்றால் நயினாதீவு. யாழ்ப்பாணத்தில் அம்பலம் என்று முடியும் பெயர்கள் இத்தனை இருப்பதற்குக் காரணம் கடல் கடந்த சிதம்பரத் தொடர்பு.

நடைமுறையில் இதை எப்படிச் செய்வது? ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தாத்தா நெல்லையப்பன், பாட்டி ஆவுடையம்மாள், மாமா சுடலைமுத்து, அத்தை உலகம்மாள் என்று இருக்கிறது, ஊர் பெயர் கிழிந்துபோய்விட்டது. நெல்லையப்பன் திருநெல்வேலியைக் காட்டிவிடுகிறது. ஆவுடையம்மாள் என்பது சங்கரன்கோவில் கோமதியின் தமிழ் வடிவம்: ஆ என்றாலும் கோ என்றாலும் பசு, பசுக்களை உடையவள் என்பதே இரண்டுக்கும் பொருள். உலகம்மாள் என்றால் பாபநாசத்தில் உலகம்மை, தென்காசியிலும் உலகம்மன். சுடலைமுத்து சொல்லவே வேண்டாம், நெல்லைச் சீமையின் சுடலைமாடசாமி. ஊர் கிழிந்துபோனாலும் அந்தக் குடும்பம் தாமிரபரணிக்கும் சங்கரன்கோவிலுக்கும் நடுவே எங்கோ இருந்திருக்கிறது என்று இந்த நான்கு பெயர்களே சொல்லிவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள். ஒரே கோயிலின் ஒரே அம்மனுக்குத் தமிழில் ஒரு பெயரும் வடமொழியில் ஒரு பெயரும் இருக்கும். மீனாட்சி, அங்கயற்கண்ணி. நீலாயதாட்சி, கருந்தடங்கண்ணி. இது நாகப்பட்டினம். திருச்சி மலைக்கோட்டையில் தாயுமானவர், வடமொழியில் மாத்ருபூதேசுவரர். பிரசவ வேளையில் தாய் வர முடியாமல்போன பெண்ணுக்குச் சிவனே தாய் உருவில் வந்து பார்த்துக்கொண்டார் என்பது தலக்கதை. ஒரு வீட்டில் பாட்டி மட்டுவார்குழலி, பேத்தி சுகந்தகுந்தளா என்றால் இரண்டும் ஒரே பெயர், அதே மலைக்கோட்டை அம்மன்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் கோயில் பணிக்காகக் குடியமர்த்திய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் வீட்டு வரிசைப்படி இருக்கின்றன. நக்கன் சேரமங்கை, நக்கன் சோழகுலசுந்தரி, நக்கன் ஏகவீரி என்று போகும் அந்த வரிசையில் ஒருத்தி பெயர் எடுத்தபாதம். தில்லையில் தூக்கி நிற்கும் திருவடியையே ஒரு பெண்ணுக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

நான்காம் படி: குலதெய்வம், நேர்த்திக்கடன், பிறந்த நிலைமை

பெரிய கோயிலில் விடை கிடைக்கவில்லையா, குலதெய்வத்தைக் கேளுங்கள். பேச்சிமுத்து என்ற பெயர் பேச்சோடு தொடர்பில்லாதது, பேச்சியம்மனுடையது. இசக்கி என்பது இயக்கி, வடமொழி யட்சியிலிருந்து வந்தது. மாசாணி என்றால் ஆனைமலை, பண்ணாரி என்றால் சத்தியமங்கலம் பக்கம், அங்காயி, அங்கமுத்து என்றால் அங்காளம்மன். மதுரைப் பக்கம் முனியாண்டி, பாண்டி, கருப்பசாமி, விருமாண்டி. இந்தப் பெயர்களை நாகரிகமில்லாதவை என்று நினைத்து மாற்றிக்கொண்ட ஒரு தலைமுறையே இருக்கிறது, வருத்தமாக இருக்கிறது. குடும்பம் எந்த எல்லையிலிருந்து கிளம்பியது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேறு கிடைக்காது.

மாரிமுத்து என்ற பெயரில் நிற்க வேண்டியிருக்கிறது. முத்து என்றால் கடலில் எடுக்கும் முத்து. அம்மை போட்டால் உடம்பில் எழும் கொப்புளத்துக்கும் முத்து என்றுதான் பெயர். முத்துமாரி, மாரிமுத்து என்று வரும்போது அந்த இரண்டாவது முத்தையும் மறக்கக் கூடாது. அம்மை கண்டு பிழைத்த பிள்ளைக்கும், அம்மை கண்ட வருஷம் பிறந்த பிள்ளைக்கும் வேண்டிக்கொண்டு வைத்த பெயர்கள் இவற்றில் உண்டு.

அடுத்து, கேட்கவே மனசு கனக்கும் ஒரு வகை. பிச்சை, குப்பம்மாள், தவிட்டம்மாள், மண்ணாங்கட்டி, மூக்கன், மூக்காயி. பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீட்டில், அடுத்த பிள்ளையையாவது எமன் கண்ணிலிருந்து மறைக்க வேண்டும் என்று வைத்த பெயர்கள் இவை. பிள்ளையைக் குப்பைமேட்டில் போட்டு எடுப்பார்கள், குப்பன் ஆகிவிடுவான். வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டுத் தவிடு கொடுத்துத் திரும்ப வாங்குவார்கள், தவிட்டம்மாள் ஆகிவிடுவாள். மூக்குக் குத்தி விடுவார்கள், மூக்கன். உங்கள் வம்சாவளியில் இப்படி ஒரு பெயர் வந்தால், அதற்கு முன்னால் பிறந்து இறந்த பிள்ளைகள் யார் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் எந்தக் காகிதத்திலும் ஏறாத அந்தப் பிள்ளைகளைப் பற்றி இந்தப் பெயர் ஒன்றுதான் மிச்சம் சொல்லும். பிச்சை என்ற பெயருக்கு இன்னொரு வழியும் உண்டு, சாமியிடம் மடியேந்தி வாங்கிய பிள்ளை என்பது. நாகூர்ப் பிச்சை என்றால் நாகூர் ஆண்டவரிடம் வாங்கியது.

வேண்டாம், போதும்பொண்ணு போன்ற பெயர்கள் வேறு வகை. அடுத்தது ஆண்பிள்ளையாக இருக்கட்டும் என்று பெண்பிள்ளைக்கு வைத்தவை. பாதுகாப்புப் பெயர்களோடு இவற்றைச் சேர்த்துப் பேசக் கூடாது. இந்தப் பெயரைச் சுமப்பவர் விரும்பினால் மாற்றிக்கொள்ள முழு நியாயமும் இருக்கிறது.

ஐந்தாம் படி: பெயரைச் சரியான இடத்தில் பிரியுங்கள்

இப்போதுதான் சொல்லுக்கு வருகிறோம். தமிழ்ப் பெயரில் நடுச்சொல் ஒன்றும், அதற்குப் பின்னால் ஒட்டும் சொல் ஒன்றும் இருக்கும். அப்பன், ஐயா, சாமி, முத்து, வேல், லிங்கம், நாதன், பாண்டி, கண்ணு எல்லாம் ஆண் பெயரில் ஒட்டுபவை. அம்மாள், ஆயி, ஆத்தாள், நாயகி, வல்லி, குழலி, கண்ணி, மொழி எல்லாம் பெண் பெயரில். ஒட்டும் சொல்லுக்குத் தனியாகப் பெரிய பொருள் தேட வேண்டியதில்லை. மரியாதைக்கும் செல்லத்துக்கும் சேர்ப்பது அது. ஆனால் வட்டாரத்தைக் காட்டும்: ஆத்தாள் என்றால் கொங்கு, பாண்டி என்றால் மதுரைக்குத் தெற்கு, கனி என்றால் தூத்துக்குடி, நெல்லைப் பக்கம்.

பிரிக்கும் இடம் தவறினால் பொருள் எங்கேயோ போய்விடும். மாசிலாமணி மாசி மாதத்தில் பிறந்தவர் இல்லை. மாசு இலா மணி, குற்றமற்ற மணி. திருமுல்லைவாயில் சிவனுக்கும் அதுவே பெயர். அம்பலவாணனில் இருப்பது வாழ்நன் என்ற சொல் சுருங்கிய வாணன், அம்பலத்தில் வாழ்கிறவன். தாணுமாலயன் என்ற பெயரைக் கன்னியாகுமரி மாவட்டத்தில் கேட்கலாம். தாணு என்றால் சிவன், மால் என்றால் திருமால், அயன் என்றால் பிரமன். மூவரும் சேர்ந்த சுசீந்திரத்துச் சாமி. நடுவில் ஆலயம் என்று பிரித்தால் கதையே கெட்டுவிடும்.

பழைய பெயர்களில் முன்னால் ந வருவதையும் பார்க்கலாம். நக்கீரர், நப்பின்னை, நச்செள்ளை, நக்கண்ணை. கீரன், பின்னை, செள்ளை, கண்ணை என்ற பெயர்களுக்கு முன்னால் சிறப்புக்குச் சேர்த்த எழுத்து அது.

ஆறாம் படி: எந்த மொழி என்று பாருங்கள்

சில அடையாளங்கள் எளிது. ஜ, ஷ, ஸ, ஹ என்ற கிரந்த எழுத்துகள் இருந்தால் பெயர் வெளியிலிருந்து வந்தது. தமிழ்ச் சொல் ர, ல, ட என்ற எழுத்துகளில் தொடங்காது. அதனால்தான் இராமன், இலக்குமி, அரங்கன், உலோகநாதன் என்று முன்னால் ஓர் உயிரெழுத்தைச் சேர்த்தோம்.

ஆனால் கிரந்த எழுத்து இல்லை என்பதால் தமிழ்ப் பெயர் என்று முடிவு கட்ட முடியாது. மதி என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். வளர்மதியில் இருப்பது தமிழ் மதி, நிலா. காந்திமதியில் இருப்பது நிலா இல்லை. காந்தி என்றால் ஒளி, மதி என்பது ‘உடையவள்’ என்று பொருள் தரும் வடமொழி விகுதி. ஒளி பொருந்தியவள் என்பதே முழுப் பெயருக்கும் பொருள். கோமதியும் அப்படியே, இந்துமதியும் அப்படியே. கந்தன் என்பது ஸ்கந்தன் தமிழுக்கு வந்த வடிவம். கண்ணன் என்பது கிருஷ்ணன் பிராகிருதம் என்ற பழைய வடஇந்தியப் பேச்சுமொழி வழியாக வந்தது என்பது அறிஞர் கருத்து, ஆனால் கண் என்ற தமிழ்ச் சொல்லும் அதோடு கலந்துபோய்விட்டது. வேலன், முருகன், சொக்கன், செல்வி, நங்கை போன்றவை தமிழ் வேர் கொண்டவை.

பெயர் தமிழா வடமொழியா என்று சண்டை போடுவது என் நோக்கமில்லை. இரண்டாயிரம் ஆண்டாகவே நம் பெயர்கள் இப்படிக் கலந்துதான் இருக்கின்றன. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் ஆதன், குவிரன் ஆதன் என்ற பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. எகிப்தின் செங்கடல் கரையில் குசேர் அல்-காதிம் என்ற பழைய துறைமுகத்தில் கண்ணன், சாத்தன் என்று படிக்கும் ஓடுகள் கிடைத்தன. அத்தனை தூரம் கப்பலேறிப் போன தமிழர் தங்கள் சட்டி பானையில் பெயர் எழுதி வைத்திருந்தார்கள்.

அகராதி பார்க்கிறவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைப் பாருங்கள், இணையத்தில் தேடும்படி இருக்கிறது. சொல் எந்த மொழியிலிருந்து வந்தது என்று அதிலேயே குறித்திருப்பார்கள். தெய்வப் பெயர்களுக்குப் பிங்கலமும் சூடாமணியும் போன்ற நிகண்டுகள் நல்லவை. ஒரு சாமிக்கு எத்தனை பெயர் என்று வரிசையாகச் சொல்லிவிடும்.

ஏழாம் படி: மொழிபெயர்த்து வந்த பெயர்கள்

கிறிஸ்தவ வீடுகளில் தமிழ் போலவே ஒலிக்கும் பல பெயர்கள் மொழிபெயர்ப்புகள். பவுல் என்ற பெயருக்கு லத்தீனில் சிறியவர் என்று பொருள், அதனால் சின்னப்பர். யோவான் என்றால் எபிரேயத்தில் கடவுள் அருள் கூர்ந்தார் என்று பொருள், அதனால் அருளப்பர். சூசை என்றால் யோசேப்பு. சந்தியாகு போர்த்துக்கீசியர் வழி வந்த யாகப்பர். சவரிமுத்து என்றால் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார். ஓரியூரில் 1693இல் கொல்லப்பட்ட ஜான் டி பிரிட்டோவுக்கு அருளானந்தர் என்று பெயர். வீரமாமுனிவர் முதலில் வைத்துக்கொண்ட தைரியநாதர் என்ற பெயர் அவருடைய இத்தாலியப் பெயரான கான்ஸ்டன்சோவின் தமிழாக்கம். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற நீலகண்டனுக்கு லாசரு என்று பெயர் வைத்தார்கள். கடவுள் துணை என்பது அதன் பொருள், தமிழில் தேவசகாயம். 2022இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

இங்கேயும் கோயில் ஊர் முக்கியம். ஆரோக்கியம் என்றால் வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதா. அடைக்கலம் என்றால் ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா. பனிமயம் என்றால் தூத்துக்குடிப் பனிமய மாதா. ரோமில் ஆகஸ்ட் மாதத்து வெயிலில் பனி பெய்து கோயில் கட்ட இடம் காட்டியது என்ற கதையிலிருந்து வந்த பெயர் அது. உப்பளமும் அனலுமாக இருக்கும் ஊரில் அத்தனை பெண்களுக்குப் பனி என்று பெயர் அமைந்தது அப்படித்தான்.

முஸ்லிம் பெயர்களில் வெட்டக் கூடாத இடத்தில் வெட்டிவிடுவது வழக்கமான தவறு. அப்துல் என்பது தனிப் பெயரே இல்லை, ‘இன்னவரின் அடியார்’ என்பதில் பாதி. அப்துல் ரஹ்மான், அப்துல் காதர் என்று சேர்த்தே படிக்க வேண்டும். மைதீன் என்பது முஹ்யித்தீன், மார்க்கத்துக்கு உயிரூட்டியவர். பாக்தாதில் அடங்கியிருக்கும் அப்துல் காதர் ஜீலானியின் பட்டப்பெயர் அது, நம் கடற்கரை ஊர்களில் வீட்டுக்கு ஒருவர் இருப்பார். சாகுல் ஹமீது, மீரான் என்றால் நாகூர். அந்தத் தர்காவில் நேர்ந்துகொண்டு பிறந்த பிள்ளைகளுக்கு இந்து வீடுகளிலும் நாகூரான் என்று வைப்பது உண்டு, ஆகவே பெயரை வைத்து மதத்தைத் தீர்மானித்துவிட வேண்டாம்.

எட்டாம் படி: பெயரின் வயதைக் கணியுங்கள்

ஒரு பெயர் எந்தக் காலத்தில் புழக்கத்துக்கு வந்தது என்று தெரிந்தால் காரணம் தெளிந்துவிடும். உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை 1892இலும் புறநானூற்றை 1894இலும் அச்சிட்டார். இளங்கோ, செங்குட்டுவன், நெடுஞ்செழியன், அதியமான், பாரி என்ற பெயர்கள் சாதாரண வீடுகளுக்கு வந்ததெல்லாம் அச்சுக்குப் பிறகு. மறைமலையடிகள் 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். சுவாமி வேதாசலம் என்ற தன் பெயரையே மாற்றினார், வேதம் மறை, அசலம் மலை. அதற்கு முன்பே சூரியநாராயண சாஸ்திரியார் பரிதிமாற்கலைஞர் ஆகியிருந்தார்: சூரியன் பரிதி, நாராயணன் மால், சாஸ்திரி கலைஞர். திராவிட இயக்கத்தில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். 1950களுக்குப் பிறகு பிறந்த தமிழ்ச்செல்விகளும் அறிவழகன்களும் வந்த வழி இது. அப்பா எந்தக் கட்சி, எந்த மன்றம் என்று கேட்டால் காரணம் வந்துவிடும்.

ஒரு விதிவிலக்கை மட்டும் மனதில் வையுங்கள். மட்டக்களப்பில் ஒரு பாட்டிக்குக் கண்ணகை (கண்ணகிதான்) என்று பெயர் இருந்தால் அச்சிட்ட புத்தகத்துக்கு அதில் பங்கில்லை. அங்கே கண்ணகை அம்மன் கோயில்களும் வைகாசிச் சடங்கும் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன.

ஒன்பதாம் படி: பிள்ளைக்கு வைக்கப் போகிறீர்கள் என்றால்

மேலே சொன்ன வழியில் இரண்டு பக்கத்துக் குடும்பத்தின் நான்கு தலைமுறைப் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். அப்புறம் பெயர்ப் பட்டியலைத் தேட வேண்டிய அவசியமே பலருக்கு வராது. பாட்டி பெயர் குழல்வாய்மொழி என்றால் பேத்திக்குக் குழலி என்று வைக்கலாம், மொழி என்றும் வைக்கலாம். ஆவுடையம்மாளுக்குப் பேத்தி கோமதி. தையல்நாயகிக்குப் பேத்தி தையல், நான் கேட்ட அழகான பெயர்களில் ஒன்று.

நட்சத்திர எழுத்துப் பார்க்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த எழுத்துப் பட்டியல் வடமொழி ஒலிகளை வைத்துப் போட்டது. திருவாதிரைக்கு வரும் எழுத்துகளில் ஙவும் ஒன்று, அதில் தொடங்கும் பெயர் தமிழில் கிடையாது. அதற்காக வாயில் நுழையாத பெயரை உருவாக்குவதைவிட, அந்த எழுத்தில் ஒரு பெயரைச் சடங்குக்குக் காதில் சொல்லிவிட்டு, கூப்பிடும் பெயரை மனசுக்குப் பிடித்தபடி வைத்துக்கொள்ளலாம். பல வீடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள். எண் கணிதத்துக்காக ஆங்கில எழுத்தை இரண்டு மூன்றாகப் பெருக்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பள்ளியிலும் கடவுச்சீட்டு அலுவலகத்திலும் அந்தப் பிள்ளைதான் ஆயுள் முழுக்க அதை விளக்கிக்கொண்டிருக்கும்.

பதிவு விஷயம். இந்தியாவில் பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், பெயர் முடிவாகவில்லை என்றால் பெயர் இல்லாமலே பதியலாம். பெயரைப் பிறகு 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதற்கு மேல் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து கடவுச்சீட்டு வரை பிறப்புச் சான்றிதழே ஆதாரம், அதனால் எழுத்துப் பிழை இருந்தால் எல்லா இடத்துக்கும் கூடவே வரும். தமிழ்நாட்டில் சான்றிதழ் தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்ந்து வருகிறது. விண்ணப்பத்தில் தமிழ்ப் பெயரைக் கையால் தெளிவாக எழுதிக் கொடுங்கள். ர, ற, ல, ள, ழ, ன, ண வரும் பெயர் என்றால் சான்றிதழை வாங்கியதும் ஒவ்வோர் எழுத்தாகச் சரிபாருங்கள். சான்றிதழை வைக்கும் உறையிலேயே ஒரு சிறு தாளும் போட்டு வையுங்கள்: யாருடைய பெயர், எந்த ஊர்ச் சாமி, யார் வைத்தது.